கம்பியை மாற்றாமல் ரிம்மை மாற்றினேன்

ஆற்றங்கரை மண்தான் என் சைக்கிளின் ரிம்களைத் தின்றது. மன்னார்குடியிலிருந்து பாமணியாற்றுக் கரையோடு நீடாமங்கலம் பக்கம் ஏறி, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு வரை போய்வருவது என் வழக்கம். மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, நடவும் தொடங்கிவிட்டால் கரை நெடுக டிராக்டர் இழுத்துவந்த சேறுதான். அதிலுள்ள பொடிமணல் பிரேக் கட்டையில் பதிந்துகொண்டு, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அலுமினிய ரிம்மின் பக்கச்சுவரை அரம்போல ராவிவிடும். டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை, என்னுடையது ரிம்மையே இரு பக்கமும் கட்டையால் பிடிக்கும் வி-பிரேக். தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே என் ரிம்மின் பக்கத்தில் மெல்லிய பள்ளக்கோடு ஒன்று உண்டு. முன்சக்கரத்தில் அது மறைந்தே போயிருந்தது. பின்சக்கரத்தில் விரலால் தடவினாலே குழி தெரிந்தது. சுவர் இப்படி மெலிந்த பிறகு, உள்ளிருந்து காற்று தள்ளும் தள்ளலில் ரிம் ஓட்டத்திலேயே பிளக்கக்கூடும். அதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

சக்கரத்தையே முழுதாக மாற்றிவிடு என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், வெண்ணெயாகச் சுற்றுகிறது. போக்ஸ் கம்பிகளில் துருவும் இல்லை, வளைவும் இல்லை. தேய்ந்தது ரிம் மட்டும்தான். மேலும், எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 28 அங்குலச் சைக்கிளுக்கான கம்பி. என்னுடையதுபோன்ற மலைச் சைக்கிளின் நீளத்துக்குத் தேடி அலைய வேண்டும்.

எல்லாப் பழைய கம்பியையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. விபத்தில் ரிம் நெளிந்திருந்தால் கம்பியும் இழுபட்டிருக்கும். ஹப்பில் மாட்டும் கழுத்து வளைவில் ஏற்கெனவே ஒன்றிரண்டு ஒடிந்திருந்தால் மற்றவையும் களைத்துப்போனவைதான். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்; சங்கிலி எப்போதாவது உள்ளே விழுந்திருந்தால் கம்பியில் வெட்டுத் தழும்பு இருக்கும், அந்த இடத்தில்தான் அது ஒடியும். என் கம்பிகள் இந்தப் பரிசோதனையில் தேறின.

அடுத்தது அளவு. கடையில் “26 ரிம்” என்று மட்டும் கேட்டால் போதாது. பெண்கள் சைக்கிளில் வரும் 26 x 1 3/8 ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளின் 26 ரிம்மில் அது 559. பெயர் ஒன்றுதான், டயர் ஒன்றுக்கொன்று ஏறாது. கம்பித் துளைகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். என்னுடையது முன்னும் பின்னும் 32.

559 பொருந்தினாலும் பழைய கம்பி பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. கம்பிக்கு முக்கியம், ரிம்முக்குள் நிப்பிளின் (கம்பி நுனியை ரிம்மோடு முறுக்கிப் பிடிக்கும் சிறு திருகு) தலை உட்காரும் இடத்தின் விட்டம். அது ரிம்முக்கு ரிம் மாறும். வேறு இரண்டு பழைய கம்பிகளைச் சரியாக 200 மில்லிமீட்டருக்கு வெட்டி, நிப்பிள் மாட்டி, எதிரெதிர்த் துளைகளில் நுழைத்து இழுத்துப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை அளந்தேன். அதனோடு 400 கூட்டினால் விட்டம் கிடைக்கும். புதிய ரிம் பழையதைவிட 1 மில்லிமீட்டர் குறைவு. அப்படியென்றால் கம்பி அரை மில்லிமீட்டர்தான் கூடுதல், கவலையில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்து கம்பி நீண்டால் மரை முடிந்து நிப்பிள் முறுகாது. குட்டையானால் முழுப் பாரமும் நிப்பிளின் கழுத்தில் விழுந்து தலை தெறிக்கும். நிப்பிள்களை மட்டும் புதிதாக, பித்தளையில் வாங்கிக்கொண்டேன். அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

முந்தின இரவே பழைய நிப்பிள்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டுவைத்தேன். காலையில் டயர், டியூப், ரிம் டேப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வால்விலிருந்து தொடங்கி வரிசையாக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். ஒரு பக்கத்தை மட்டும் சட்டென்று தளர்த்தினால் மற்ற கம்பிகள் மேல் பாரம் ஏறிவிடும். எல்லாம் தொளதொளத்த பிறகு, புதிய ரிம்மைப் பழையதன் மேல் வைத்து, வால்வுத் துளைகள் இரண்டும் நேராக நிற்கும்படி நான்கு இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். ரிம்மின் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். வால்வுக்கு அடுத்த துளை இரண்டு ரிம்மிலும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

பிறகு வேலை இனிமையானது. ஒரு கம்பியைக் கழற்று, மரையில் எண்ணெய் தொடு, பக்கத்திலேயே இருக்கும் புதிய துளைக்கு மாற்று, நிப்பிளை இரண்டு மூன்று சுற்று பிடி. கம்பிகளின் பின்னல் அப்படியே இருக்கிறது. எது எதைத் தாண்டிப் போக வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல்சக்கரத்தைக் கழற்றவும் தேவையில்லை. கடைசிக் கம்பி மாறியதும் பழைய ரிம் தானாகவே கழன்று கையோடு வந்துவிட்டது.

கோட்டம் எடுப்பதில்தான், அதாவது சக்கரத்தின் கோணலை நேராக்குவதில்தான், பொழுது போனது. எல்லா நிப்பிளையும் மரை மறையும் வரை ஒரே அளவுக்கு முறுக்கி, அதன்பின் கால் சுற்று, அரைச் சுற்றாக ஏற்றினேன். ரிம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் வலக் கம்பியை இறுக்கி இடக் கம்பியைத் தளர்த்த வேண்டும். ஏற்ற இறக்கம் தெரிந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே தொட வேண்டும். முன்சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பார்த்து, நடுவில் நிற்கிறது என்று உறுதிசெய்துகொண்டேன். பின்சக்கரத்தில் சங்கிலிப் பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட நல்ல இறுக்கமாக இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

இறுக்கம் சரியா என்று கேட்க, தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். முன்னால் 32, பின்னால் 40 கம்பி போட்ட பழைய கனத்த சைக்கிள்களுக்குக் காலமெல்லாம் கோட்டம் எடுத்த கை. “ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக்கொண்டே வா, தம்பி. எது ஊமையாக இருக்கிறதோ அது தளர்ந்திருக்கிறது” என்றார். விரல் நகத்தால் சுண்டினேன். வலப்பக்கம் முழுக்க ஏறக்குறைய ஒரே நாதம். இடப்பக்கத்தில் இரண்டு கம்பிகள் மந்தமாக ஒலித்தன. அவற்றைத் தூக்கி, பக்கத்தில் உள்ளதைச் சற்று இறக்கினோம். பிறகு இணையாக ஓடும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கைக்குள் அடக்கி அவர் அழுத்த, ‘டிக் டிக்’ என்று முறுக்கு விட்டுக்கொடுத்தது. மறுபடியும் லேசாகக் கோட்டம் வந்தது, எடுத்தோம். இந்த அழுத்தத்தை விட்டுவிட்டால் முதல் சவாரியிலேயே சக்கரம் கோணும். கூலியாகக் காபிக்குமேல் எதையும் அவர் வாங்கவில்லை.

முதல் நெடும் ஓட்டத்துக்குக் கரைப்பாதையை விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் வடுவூர் ஏரி வரை போய்வந்தேன். வீடு திரும்பிச் சக்கரத்தைச் சுழற்றியதில் முன்சக்கரத்தில் அசைவே இல்லை. பின்சக்கரத்தின் இடப்பக்கத்தில் மட்டும் ஒரு நிப்பிளுக்குக் கால் சுற்று கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் போக்ஸ் சாவியை எடுக்கவில்லை. சேற்றில் போய்வந்த அன்றே பிரேக் கட்டைகளைக் கழுவி, பதிந்த மணலைக் குண்டூசியால் நோண்டி எடுத்துவிடுகிறேன்.