20 சதவீதம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தபோது, பிரஸ் ஷாப் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரங்கள் இருக்கும் பகுதி) ஆட்களுக்கு வகுப்பெடுக்க 46 ஸ்லைடு தயார் செய்து வைத்திருந்தேன். 1948 தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரங்களுக்குத் தடுப்பு போடச் சொல்லும் அதன் 21-ஆம் பிரிவு, கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரையான லைட் கர்ட்டன் வேலை செய்யும் விதம், எல்லாம் அதில் உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மூன்றாவது ஸ்லைடிலேயே கண் சொக்கிவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தவருக்குப் பிரிவு எண்ணைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதில் ஒரு ஸ்லைடு இழப்பீட்டு அட்டவணை. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனதாகக் கணக்கு என்று 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20.

என் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டும்போது போனவை. எனக்கு அப்போது ஆறு வயது. நான் இந்தப் படிப்பை எடுத்ததே அதனால்தான். ஆனாலும் வகுப்பில் அந்த 20-ஐ வாசித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன். வேலை செய்யும் இடத்தில் வீட்டுக் கதை எதற்கு என்ற தயக்கம்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966-ல் தேசியப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கிய நாள் அது. ஒரு வருடம் அந்த வாரத்தில் பேச வேண்டியிருந்தபோது, "உங்க கையைப் பத்திச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சொல்லும்மா. ஆனா பட்டன்ல கட்டை வச்சது நான்தான்னும் சேத்துச் சொல்லு" என்றார்.

அதுவரை மெஷின் கோளாறு என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் தகட்டை அழுத்தும் பஞ்ச் மேலிருந்து இறங்கும். கை, கீழே இருக்கும் அச்சான டைக்குள் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகி அழுத்தியபடியே வைத்துவிட்டால், ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் ஷீட்டைத் தள்ளலாம். கணக்கு சீக்கிரம் முடியும். அப்பா அதைத்தான் செய்திருக்கிறார். பட்டறையில் எல்லாரும் செய்தார்களாம்.

அந்த வகுப்பில் ஸ்லைடு எதுவும் போடாமலே ஆரம்பித்தேன். ரசம் சாதத்தை மூன்று விரலால் எடுக்க முடியாது, வழிந்துவிடும். அதனால் அப்பாவுக்கு மட்டும் சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து வைப்பார் அம்மா. அதைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் உருட்டி எடுப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரமாட்டார். சட்டையின் மேல் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும். கையெழுத்து மாறிப்போனதால் வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்றது நான். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கட்டை வைத்ததையும் சொன்னேன். அதற்கப்புறம்தான் அந்த 20 சதவீத ஸ்லைடைப் போட்டேன்.

யாரும் தூங்கவில்லை. ஒருவர் எழுந்து, "இப்ப இருக்கிற மெஷின்ல அப்படிக் கட்டை வச்சா ஓடுமா மேடம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னொருவரே சொன்னார்: புது மெஷினில் இரண்டு பட்டனையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் விட்டுவிட்டு அழுத்த வேண்டும், பழைய மெஷினில் அது கிடையாது. இவ்வளவும் என் 31-ஆவது ஸ்லைடில் இருந்தது. அதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டீ நேரத்தில் மூத்த ஆப்பரேட்டர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "மூணாவது லைன்ல ரெண்டு மெஷின்ல கட்டை இருக்கு மேடம். யாருன்னு மட்டும் கேக்காதீங்க." நான் கேட்கவில்லை. அந்த லைனுக்கு மணிக்கு எத்தனை பீஸ் என்று டார்கெட் போட்டிருந்தார்கள் என்பதைத்தான் போய்ப் பார்த்தேன். இரண்டு கையாலும் அழுத்தி ஓட்டினால் அந்தக் கணக்கு வரவே வராது. அவசரம் அந்த ஆட்களுடையது இல்லை. டார்கெட்டைக் குறைக்க வைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. கட்டைகளும் போயின.

அதற்கப்புறம் பல பேட்ச்சுகளுக்கு அதே கதையைச் சொன்னேன். ஒருநாள் பேச்சு வேகத்தில், அடிபட்டவுடன் அப்பா எப்படிக் கத்தினார் என்று சொல்லிவிட்டேன். நான் அங்கே இல்லை; அவர் கத்தினாரா என்பதே எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்பாவின் வலியை எடுத்து வகுப்பைக் கலங்கடிக்கப் பயன்படுத்திவிட்டேனே என்று இருந்தது. அதிலிருந்து நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்: தட்டு, பொத்தான், வங்கி கவுன்ட்டர். அவரே சொல்லச் சொன்னதால் அந்தக் கட்டை.

வகுப்பு இருக்கிற நாட்களில் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்பது ஒன்றுதான். "கட்டை வச்சதைச் சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்.