ஒரே மரபணுவைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

மனித மூளை வளர்ச்சியில் மரபணு ஒழுங்குமுறை (எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு), மனநோய்களோடு அதற்குள்ள தொடர்பு: இந்தப் பகுதியை முதலில் சிஎஸ்ஐஆர்-நெட் உயிர் அறிவியல் தேர்வுக்காகவும் பின்னர் முனைவர் பட்ட நேர்காணல்களுக்காகவும் படித்தேன். எங்கே தொடங்குவது என்று இளையவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒரு மரபணுவின் பெயரைத்தான்: காக்னா1சி. அதை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் பாடத்தின் முக்கால் பங்கு கைக்கு வந்துவிடும்.

பாடப்புத்தகம் பாக்டீரியாவின் லாக் ஓபரானில், அதாவது சேர்ந்தே இயங்கி அடங்கும் ஒரு மரபணுக் கூட்டத்தில், தொடங்குகிறது. தொடங்கட்டும், அடிப்படை அதுதான். ஆனால் பாக்டீரியாவின் ஒழுங்குமுறையை மட்டும் வைத்துக்கொண்டு மனித மூளைக்குள் நுழைய முடியாது. நம் டிஎன்ஏவில் புரதத்துக்கான குறியீடு ஒன்றிரண்டு சதவீதம்தான். மனநோய்களோடு தொடர்புடையவையாக ஜிவாஸ் ஆய்வுகள் (நோயுள்ளவர், இல்லாதவர் என ஆயிரக்கணக்கானோரின் டிஎன்ஏ முழுவதையும் ஒப்பிடுபவை) காட்டும் மாறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் குறியீட்டுக்கு வெளியே கிடக்கின்றன. “மாறுபாடு எந்தப் புரதத்தையும் தொடவில்லையே, பிறகு எப்படி நோய் வரும்?” என்று நேர்காணலில் என்னிடம் கேட்டார்கள். உங்களிடமும் கேட்பார்கள். இந்தப் பாடத்தின் மையக் கேள்வியே அதுதான்.

காக்னா1சி 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதயத்திலும் மூளையிலும் வேலை செய்யும் எல்-வகைக் கால்சியம் வாயில் ஒன்றின் முக்கியப் பகுதியை அது உருவாக்குகிறது. இதைப் பரிந்துரைக்கக் காரணம், அரிய நோயும் பரவலான நோயும் ஒரே மரபணுவில் சந்திப்பதுதான்.

அரிய நோயை முதலில் படியுங்கள். திமோத்தி நோய்க்குறி: ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு, ஒட்டிய விரல்கள், பல குழந்தைகளுக்கு ஆட்டிசம். காரணம் 2004இல் தெரியவந்தது. ஒரே ஓர் எழுத்து மாற்றத்தால் புரதத்தின் 406ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின் வருகிறது, கால்சியம் வாயில் உரிய நேரத்தில் அடைபடுவதில்லை. இதோடு நிறுத்தினால் இது புரதக் கதை. மேலே படித்தால் ஒழுங்குமுறைக் கதை தொடங்கும். இந்த மரபணுவில் 8, 8ஏ என்று இரண்டு எக்சான்கள் (இறுதி ஆர்என்ஏவில் தங்கும் துண்டுகள்) உண்டு. ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும்போது ஏதாவது ஒன்றுதான் சேரும். வளரும் மூளையில் தொடக்கத்தில் 8ஏ மிகுதி, நியூரான்கள் முதிர முதிர 8 கூடுகிறது. திமோத்தி நோய்க்குறியின் முதல் வகையில் பிழை இருப்பது 8ஏயில். ஆகவே அது நியூரான்கள் பிறந்து தங்கள் இடத்துக்கு நகரும் பருவத்திலேயே கேடு செய்கிறது. ஸ்டான்போர்டில் செர்ஜியு பாஷ்காவின் குழு, நோயாளிகளின் செல்களிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளில் (ஆய்வகத்தில் வளரும் சிறு மூளைத்திசு உருண்டைகளில்) இந்த நகர்வுக் கோளாறைக் காட்டியது. 2024இல் அதே குழு, ஆன்டிசென்ஸ் ஆலிகோநியூக்ளியோடைடு (குறிப்பிட்ட ஆர்என்ஏவில் ஒட்டிக்கொள்ளும் செயற்கைச் சிறு இழை) கொண்டு 8ஏயின் பயன்பாட்டைக் குறைத்து 8இன் பக்கம் திருப்ப முடியும் என்று காட்டியது. எலிகளின் மூளையில் பொருத்தப்பட்ட மனித ஆர்கனாய்டுகளில் நடந்த சோதனை அது. நோயாளிகளுக்கு வந்துவிட்ட மருந்தாக அதை எழுதிவிடாதீர்கள். ஆனால் படித்துப் பாருங்கள்; ஆர்என்ஏவை இப்படி வேறுவேறாக வெட்டி ஒட்டுவதைச் சொல்லும், பாடநூலில் வறண்டு கிடக்கும் மாற்று ஸ்ப்ளைசிங் என்ற தலைப்புக்கு உயிர் வந்துவிடும்.

அடுத்தது பரவலான மாறுபாடு. இதே மரபணுவின் மிக நீண்ட மூன்றாவது இன்ட்ரானில் (எக்சான்களுக்கு இடையே இருந்து வெட்டி நீக்கப்படும் பகுதியில்) இருக்கும் ஒற்றை எழுத்து வேறுபாடு ஒன்று இருமுனைக் கோளாறோடு தொடர்புடையது என்று 2008இல் வெளியானது. பிறகு மனச்சிதைவு நோயோடும் அந்தப் பகுதி சேர்த்துப் பேசப்பட்டது. இன்ட்ரான் புரதத்துக்குள் போவதில்லை; எனவே சந்தேகம் மரபணுவின் வேகத்தைக் கூட்டும் டிஎன்ஏ பகுதிகளான என்ஹான்சர்கள் மேல் விழுகிறது. தொலைவிலுள்ள என்ஹான்சரும் டிஎன்ஏ வளைந்து மடங்குவதால் மரபணுவின் தொடக்கப் பகுதியான புரமோட்டரை நெருங்கி மரபணுவின் வேகத்தை மாற்ற முடியும். இப்படி எது எதனோடு உரசுகிறது என்று அறியத்தான் ஹை-சி முறை. 2016இல் அதைக் கருவின் மூளைப் புறணியிலேயே செய்து வரைபடம் வெளியிட்டார்கள். அதில் பல மாறுபாடுகள் பக்கத்து மரபணுவைத் தாண்டிச் சென்று தொலைவிலுள்ள மரபணுவைத் தொடுவது தெரிந்தது. அருகில் இருப்பதுதான் இலக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது இந்தப் பாடத்தில் செல்லாது.

நான் இந்த மரபணுவை விடாமல் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆபத்தோடு தொடர்புடைய வடிவம் இருந்தால் முன்மூளைப் புறணியில் மரபணுவின் வெளிப்பாடு, அதாவது அது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும் அளவு, கூடுகிறது என்றது ஓர் ஆய்வு. சிறுமூளையில் குறைகிறது என்றது இன்னொன்று. மாணவர்கள் இங்கேதான் குழம்பிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். எந்தச் செல், எந்த வயது, எந்தத் திசை என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு கட்டுரையின் ஓரத்திலும் எழுதி விடை தேடுங்கள். விடை கிடைக்காத இடமே பெரும்பாலும் நேர்காணல் கேள்வியாகிறது.

வயதுக் கேள்விக்கு மரபணு வெளிப்பாட்டைப் பதிந்த இரண்டு தரவுத்தளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். இரண்டும் இலவசம். ஜிடெக்ஸ் பெரியவர்களின் திசுக்களிலிருந்து எடுக்கப்பட்டது. பிரெயின்ஸ்பான் கருவுற்ற 8ஆம் வாரத்திலிருந்து 40 வயதுவரை செல்கிறது. கருவின் மூளையில் சில வாரங்கள் மட்டும் வேலை செய்துவிட்டு அடங்கிப்போகும் என்ஹான்சரின் விளைவு முதல் தளத்தில் தென்படவே தென்படாது. ஆட்டிசத்தில் வலுவான சான்றுள்ள மரபணுக்கள் பல, கருவின் நடுப்பருவத்தில் புறணியின் நியூரான்களில் ஒன்றுகூடி வெளிப்படுகின்றன என்று 2013இல் காட்டினார்கள். பெரியவர் மூளையை மட்டும் பார்த்திருந்தால் அது பிடிபட்டிருக்காது.

ஹிஸ்டோன் குறிகளை (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் ஒட்டும் வேதி அடையாளங்களை) மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை. எச்3கே4எம்இ3 செயலில் உள்ள புரமோட்டர், எச்3கே4எம்இ1 என்ஹான்சர், எச்3கே27ஏசி செயலில் உள்ள புரமோட்டர், என்ஹான்சர் இரண்டும், எச்3கே27எம்இ3 பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டம் செய்யும் அடக்கம். நெட் தேர்வின் சி பகுதியில் 75 வினாக்களில் 25க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்கு அதில் கால் பங்கு குறையும். சோதனை முடிவைக் கொடுத்து விளக்கம் கேட்கும் வினாக்களைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல், இந்தக் குறிகள் நாக்கு நுனியில் இருந்தால்தான் வரும்.

மெத்திலேற்றத்துக்கு, அதாவது டிஎன்ஏ மேல் மெத்தில் குழு ஒட்டுவதற்கு, எடுத்துக்காட்டு எளிதில் உடையும் எக்ஸ் நோய்க்குறி. சிஜிஜி என்ற எழுத்துத்தொடர் 200 முறைக்கு மேல் அடுத்தடுத்து வந்தால் எஃப்எம்ஆர்1 மரபணு மெத்திலேற்றமடைந்து அடங்கிவிடுகிறது. அந்தத் தலைப்புக்கு இந்த ஒரு நோயைப் படித்தாலே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த 2008 மாறுபாடு இருமுனைக் கோளாறின் வாய்ப்பை ஏறத்தாழ 1.2 மடங்குதான் ஆக்கியது. நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் என்று கொண்டால், அதைச் சுமப்பவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. தேர்வுத் தாளில் “நோய்க்கான மரபணு” என்று எழுதும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அறிவியலாக அது தவறு. அதைவிட, பரம்பரைக் குறை என்ற பழிச்சொல்லைச் சுமந்து திருமணப் பேச்சுகளில் தலைகுனிந்து நிற்கும் குடும்பங்களுக்கு அது அநியாயம். “வாய்ப்பைச் சற்றே கூட்டும் மாறுபாடு” என்று எழுதுங்கள்.

காக்னா1சி முடிந்ததும் மக்கள்தொகைக் கேள்விக்கு, அதாவது தரவு யாருடையது என்பதற்கு, வாருங்கள். மனச்சிதைவு நோயின் ஜிவாஸ் 2014இல் டிஎன்ஏவில் 108 இடங்களையும் 2022இல் 287 இடங்களையும் காட்டியது. அந்தத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தென்னிந்தியர்களிடம் நடந்த ஜிவாஸ் ஒன்று 2019இல் வெளிவந்தது. அது 8ஆம் குரோமோசோமில், நியாசின் வளர்சிதைமாற்றத்தில் பங்குபெறும் என்ஏபிஆர்டி1 மரபணுவைச் சுட்டியது. வரிக்குதிரை மீன்களில் அந்த மரபணுவைக் குறைத்தபோது மூளை வளர்ச்சி சீர்குலைந்தது. பங்கேற்றவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஐரோப்பியத் தரவுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண்ணிக்கை. அதே மூன்று கேள்விகளை அந்தக் கட்டுரையிடமும் கேளுங்கள். எந்தச் செல், எந்த வயது என்பவற்றுக்கு இன்னும் எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்பது தெரியும். ஆய்வுத் திட்டம் எழுதச் சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம்.