பின்னி மில் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யப் போன அனுபவம்

அந்தப் பழைய மில் தொழிலாளி இரண்டே கால் மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் பதினொரு நிமிடம்தான் இருக்கிறது. நடுவில் ஏதோ அழைப்பு வந்திருக்கிறது. பதிவு அங்கேயே நின்றுவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் தமிழாசிரியை, கதைகளும் எழுதுகிறேன். பின்னி மில் என்று எல்லாரும் சொல்கிற, பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் 1996-இல் மூடியபோது வேலை இழந்தவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்து வருகிறேன். பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1918-இல் இந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கமே தொடங்கியது. ஆனால் ஸ்பின்னிங்கிலும் வீவிங்கிலும் நின்றவர்கள் என்ன சாப்பிட்டார்கள், மூடிய மறுநாள் காலை எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஆரம்பித்தேன்.

பழைய ஆவணம் பார்க்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் லீவு போட்டு அலைந்தேன். முதல் நாள், தலைமையாசிரியர் கடிதம் வேண்டும் என்றார்கள். கொண்டு போனால், பல்கலைக்கழகக் கடிதம்தான் செல்லும் என்றார்கள். மூன்றாம் நாள் அந்த எழுத்தரே வரவில்லை. என்னென்ன தாள் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

வீடுகளில் சிக்கல் வேறு. நோட்டைப் பார்த்ததும் "பிஎஃப் ஆபீஸா டீச்சரம்மா?" என்று பென்ஷன் தாள்களை எடுத்து வந்துவிடுவார்கள். 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச பிஎஃப் பென்ஷன் மாதம் 1000 ரூபாய். அது எப்போது ஏறும் என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? இப்போதெல்லாம், என்னால் பணம் எதுவும் வாங்கித் தர முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் உட்காருவேன். அவர்கள் தாளை வெளியே எடுத்துப் போகவும் மாட்டேன். அங்கேயே போனில் படம் எடுத்துவிட்டு, கையில் கொடுத்துவிடுவேன்.

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு வேர்க்கும். போனை அவர்கள் மடிப்பக்கம் நகர்த்தி வையுங்கள். "மில் மூடினப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதும்?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

பதிவு போன பெரியவரிடம் மறுவாரம் போய் நடந்ததைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர். "சரி, திரும்பக் கேளும்மா" என்றார் உரக்க. இந்த முறை போனை வீடியோவில் வைத்தேன். நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவீர்கள் என்று கேட்டேன். துண்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இரண்டாக அறுத்து, கண்ணால் பார்க்காமலேயே விரல் நுனியில் முடிச்சிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். முடிச்சு எங்கே என்று தடவித்தான் கண்டுபிடித்தேன். அது முழுசாகப் பதிவாகியிருக்கிறது.