கேட்டுத் துரு

எங்கள் வீட்டுக் கேட்டுக்கு ரெட் ஆக்ஸைடு பூச வந்தவர், கேட்டோடு சேர்த்து என்னுடைய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் ஒரு கோட் பூசிவிட்டுப் போய் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. இதைச் சிரித்துக்கொண்டே எழுதும் நிலைக்கு நான் நேற்றுதான் வந்தேன். என் மனைவி முதல் நாளே வந்துவிட்டாள்.

கேட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் காட்டுமாடு ஒன்று அதில் சாய்ந்து முதுகு சொறிந்துகொண்டதில் இடது கதவு தெருப்பக்கம் வளைந்தது. வெல்டிங் வைத்து நிமிர்த்தியாயிற்று. பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. பெயிண்ட் இல்லாத இரும்பைக் குன்னூர் எத்தனை நாள் விட்டுவைக்கும்? ஐப்பசி மழை முடிவதற்குள் வெல்டிங் வைத்த இடமெல்லாம் பொரிந்து, கீல்களிலிருந்து இரண்டு சிவந்த கோடுகள் தூண் வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டன. கேட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என் மனைவி அலுத்துப்போனாள். அவள் கேட்கும் போதெல்லாம் நான் மாடியறையில், துருவே பிடிக்க முடியாத ஒரு பிளாஸ்டிக் கப்பலுக்குப் பாடுபட்டுத் துரு ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பதை மறுக்கவில்லை.

கப்பல், ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கணக்கில் கட்டித் தள்ளிய ஏழாம் வகை ‘சி’. அசல் 67 மீட்டர் நீளம். என்னுடையது 144-இல் ஒரு பங்கு என்பதால் 46 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது கீழிருந்து லாரியில் வரும் நல்ல முருங்கைக்காய் ஒன்றின் நீளம். அசலில் 44 பேருக்குக் குறையாமல் ஏறுவார்கள். கழிப்பறை இரண்டே இரண்டு. அவற்றிலும் ஒன்றில், புறப்படும்போது உணவுப் பொருள்களை அடைத்துவிடுவார்களாம். தீபாவளிக்கு நம் வீட்டில் பதினோரு பேர் வந்து இறங்கிய அன்று, சமையலறையில் இடமில்லாமல் முறுக்குத் தூக்கைக் குளியலறைப் பரணில் ஏற்றினாள் என் மனைவி. அதன் வரலாற்றுச் சிறப்பை உணர்ந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

இந்தக் கிறுக்கு விசாகப்பட்டினத்தில் பிடித்தது. ஆர்.கே. கடற்கரையில் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்களே, ஐ.என்.எஸ். குர்சுரா, அதற்குள் குனிந்து நுழைந்து குனிந்தே வெளியே வந்தோம். 1969-இல் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்று, 2002 முதல் பொதுமக்களைச் சுமந்துகொண்டிருக்கும் கப்பல் அது. டார்பிடோக் குழாய்களையும் அடுக்கடுக்கான படுக்கைகளையும் பார்த்து நான் வாயடைத்து நிற்க, என் மனைவி வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்துச் சொன்ன ஒரே கருத்து, “கடலோரத்துல நிக்குது, எவ்வளவு நல்லா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க பாருங்க” என்பது. அப்போதே நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அத்தை அவர்களுக்கோ நான் செய்வது கடைசி வரை எம்டன்தான். “மாப்பிள்ளை எம்டன் முடிச்சாச்சா?” என்றுதான் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் தொடங்கும். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய எம்டன், நீரின் மேலே ஓடிய போர்க்கப்பல் என்றும், நான் செய்வது அதற்கு அடுத்த போரில் நீருக்கடியில் ஓடியது என்றும் பலமுறை விளக்கினேன். “மேல ஓடினா என்ன, உள்ள ஓடினா என்ன, ஜெர்மன்காரன்தானே” என்று முடித்துவிட்டார். எம்டன் என்ற சொல்லைத் தமிழுக்குக் கொடுத்த ஊர்க்காரர் அவர், நம் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு முழுப் பொருத்தமானவரும் அவரே என்பதால் மேற்கொண்டு வாதிடவில்லை. தவிர, யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலும் நீரின் மேலேதான் ஓடின. டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும். முங்கினால் பேட்டரிதான், அதில் வேகம் பாதிக்கும் கீழே. ஆகவே பதுங்கித் தாக்கவோ தப்பவோ அவசியம் வந்தால்தான் முங்கும். மற்ற நேரமெல்லாம் அட்லாண்டிக்கின் உப்புத் தண்ணீரில் மேலும் கீழுமாக அடிபட்டு, பல வாரம் கழித்துத் துறைமுகத்துக்குத் திரும்பும்போது அது நம் கேட்டைவிடக் கேவலமாக இருக்கும்.

அந்தக் கேவலத்தைக் கொண்டுவருவதுதான் இந்தக் கலையில் உயிர். ஒட்டுவது எளிது, இரண்டு பாதியாக வரும் உடலைச் சேர்த்து, சந்தில் பட்டி வைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டால் நான்கே மாலைகளில் கப்பல் உருவாகிவிடும். துருவுக்கு மூன்று மாதம் பிடித்தது. முதலில் துரு நிறத்தை அடித்து, அதன் மேல் மகளின் ஹேர் ஸ்பிரேயைப் பீய்ச்சி, காய்ந்தபின் சாம்பல் நிறத்தைப் பூசி, ஈரத் தூரிகையால் ஆங்காங்கே தேய்த்தால், கீழேயுள்ள ஸ்பிரே கரைந்து சாம்பல் பெயர்ந்து துரு எட்டிப் பார்க்கும். (ஸ்பிரே தீர்ந்ததற்கு மகளிடம் நான் சொன்ன காரணத்தை அவள் நம்பவில்லை.) அதன் பிறகு வழிசல். இந்தக் கப்பலின் வெளிக்கூட்டில் வரிசை வரிசையாகத் துளைகள் உண்டு. அது மேலே எழும்போது உள்ளே புகுந்த கடல் அந்தத் துளைகள் வழியாகத்தான் வடியும். வடிந்த தடமெல்லாம் கறையாகும். ஒவ்வொரு துளைக்கும் கீழே எண்ணெய் வண்ணத்தில் ஊசிமுனையளவு ஒரு புள்ளி வைத்து, டர்பன்டைன் தொட்டுத் துடைத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். மூச்சை விடக் கூடாது. ஏனென்றால் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது அசலில் பதினான்கு சென்டிமீட்டருக்கும் மேல். நான் கப்பலின் நடுவே நிற்கும் கோபுரத்தின் முன்புறத்தில் இழுத்துக்கொண்டிருந்தபோது தும்மிய ஒரே தும்மலில் ஏறக்குறைய ஓரடி அகலத்துக்குக் கடற்படைச் சொத்து சேதமானது. அதை அழிக்கப் போய் இன்னும் பெரிதாகி, கடைசியில் அதையே ஒரு பெரிய துருத் திட்டாக மாற்றி, வேண்டுமென்றே வைத்தது போல நடந்துகொண்டேன்.

பனிமூட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு புலம்பல் எழுதலாம். பளபளப்பை அடக்கும் வார்னிஷை ஈரக் காற்றில் அடித்தால் அது பால் போல வெளுத்துவிடும் என்பது டப்பாவிலேயே போட்டிருந்தது. ஈரமில்லாத காற்று குன்னூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுதான் போடவில்லை. ஒருமுறை வெளுத்தது. மறுமுறை கணப்பின் பக்கத்தில் வைத்து உலர்த்தப் போய் கொடிக்கம்பம் வணங்கிவிட்டது. பிறகு அரிசி டப்பாவில், செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவே படுக்கவைத்தேன். அந்த வாரம் அரிசி பழைய பெட்ரோல் டின்னில் இருந்தது என்ற குற்றச்சாட்டு மிகைப்படுத்தப்பட்டது. அது கடலை எண்ணெய் டின்.

இனி, என் மனைவி இன்றளவும் மன்னிக்காத சம்பவத்துக்கு வருகிறேன். துருவின் கடைசிப் பூச்சுக்கு வண்ணம் போதாது, தூள் வேண்டும். கடையில் விற்கும் துருத்தூள் சிறு புட்டி 300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அசல் துருவுக்கு மேல் நல்ல துரு எது? மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்டருகே போய்க் குந்தி, கீலின் அடிப்பக்கத்தைச் சுரண்டத் தொடங்கினேன். சுரண்டும் ஓசை சமையலறை வரை கேட்டிருக்கிறது. சிறிது நேரத்தில் என் மனைவி ஒரு கையில் டீயும் மறு கையில் தட்டில் நான்கு வர்க்கியுமாக வந்து நின்றாள். திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில், கேட்காமலேயே ஞாயிறு காலை இரண்டாவது டீ எனக்கு வந்தது அதுவே முதல் முறை. “நீங்களே ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றாள். அந்தக் குரலில் இருந்த கனிவை என்னால் விவரிக்க இயலாது. அப்போதுதான் என் இடது கையில் இருந்த குங்குமச் சிமிழ் அவள் கண்ணில் பட்டது. அதில் பொடிப்பொடியாகச் சேர்ந்திருந்த துருவைப் பார்த்தாள். சுரண்டப்பட்ட இடம் ஒரு எலுமிச்சம்பழ அகலமே இருப்பதையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டு, வர்க்கித் தட்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெயின்டர் அண்ணன் வரவழைக்கப்பட்டது அதற்கு அடுத்த வியாழக்கிழமை. நான் ஒரு வேலையாகக் காலையிலேயே மேட்டுப்பாளையம் இறங்கியிருந்தேன். பதினோரு நாள் கழித்து அன்று வெயில் வந்திருந்ததால், புறப்படும் முன் கப்பலை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துத் திண்ணையில் செய்தித்தாள் விரித்து வெயிலில் வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில்தான் அண்ணன் தம் டின்களையும் பிரஷ்களையும் வைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் மனைவி அந்நேரம் அத்தையோடு தொலைபேசியில் இருந்தாள். அந்த உரையாடல்களின் நீளத்துக்குள் அண்ணன் கேட்டை முழுவதும் சுரண்டி, துடைத்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கோட் முடித்துவிட்டார். டின்னில் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு நான் வந்து பார்த்தபோது, கப்பல் அதே செய்தித்தாளின் மேல், அதே தாங்கியில், மூக்கிலிருந்து வால் வரை செங்கல் நிறத்தில் நின்றது. மூன்று மாதத் துரு இருந்த சுவடு தெரியவில்லை. தேய்ந்த உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தபின் அரை அங்குலப் பிரஷ்ஷால் பூசியிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஓரிடத்தில்கூட வழியவில்லை, பிரஷ் மயிர் ஒன்றுகூட ஒட்டவில்லை. மேல்தளத்துப் பலகை வரிகள் மட்டும் அடைந்துபோயிருந்தன. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. திறந்தால், தேய்க்கும்போது உடைந்த கம்பியழி எட்டுத் துண்டு, பெரிஸ்கோப் ஒன்று, நான் மெழுகுவத்தியில் காட்டி நூலாக இழுத்த ஏரியல் கம்பி வட்டமாகச் சுருட்டி, எல்லாம் பத்திரமாக இருந்தன.

“அதுக்கும் ஒரு கோட் விட்டுட்டேனுங்க சார், ரொம்ப அரிச்சுப் போயிருந்துச்சு” என்றார் அண்ணன், கையைத் துடைத்தபடி.

கோபப்படுவதற்காக இழுத்துவைத்த மூச்சு எனக்கு இருந்தது. ஆனால் “அரிச்சுப் போயிருந்துச்சு” என்ற அந்தச் சொல்லில் அது எங்கேயோ போய்விட்டது. அது பிளாஸ்டிக் என்று சொன்னேன். தகரம் என்று நினைத்ததாகவும், தேய்க்கத் தொடங்கியபின்தான் தெரிந்ததாகவும், ஆனால் கையில் ஒட்டியது நிஜத் துருவாகவே இருந்ததால் குழம்பிவிட்டதாகவும், எப்படியானாலும் ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடக் கூடாதல்லவா என்றும் சொன்னார். அவர் மேல் தவறு காண முடியாது. கேட்டின் துருவை எடுக்கச் சொல்லி அழைத்தோம். அது எங்கே போயிருந்தாலும் தேடிப்பிடித்து எடுத்துவிட்டார்.

துருவெல்லாம் நான் மூன்று மாதம் உட்கார்ந்து பூசியது என்று என் மனைவி அவரிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது போல அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிவந்த கட்டைவிரலைக் கோபுரத்தின் முன்புறத்தில் வைத்து, “அதானே பாத்தேன். மத்ததெல்லாம் சரியான துருவுங்க. இந்த எடத்துல இருந்தது மட்டும் யாரோ பூசுன மாதிரி இருந்துச்சு. இது சரிவுங்க சார், தண்ணி நிக்காது, ஓடிப்போயிரும். துரு இங்க புடிக்காது, இந்த மூலையிலதான் புடிக்கும்” என்றார். நான் தும்மிய இடம். அதற்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை. கணக்கில் ‘கேட்’ என்று மட்டும்தான் இருந்தது.

அவர் பூசிய கோட்டை நான் சுரண்டவில்லை. உண்மைக் கப்பலிலும் இரும்புக்கு முதலில் துருத்தடுப்புப் பூச்சுதானே போடுவார்கள். முறைப்படி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மேலே புது ஹேர் ஸ்பிரே (இம்முறை என் காசில் வாங்கியது), அதன் மேல் சாம்பல். ஈரத் தூரிகையால் மூலைகளில் தேய்க்கும்போது அண்ணனின் செங்கல் நிறம் மெல்ல எட்டிப் பார்க்கிறது. கோபுரத்தின் சரிவில் கை வைக்கவில்லை.

கேட் இப்போது பச்சை எனாமலில் பளபளவென்று இருக்கிறது. நேற்று காலை பால் பாக்கெட் எடுக்கப் போனபோது, இரவில் வந்த காட்டுமாடு கொம்பை வைத்து இழுத்ததில் கீலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்திருப்பதைக் கண்டேன். இன்று காலை அந்தக் கீறலின் கீழ்முனையில் இலேசான ஆரஞ்சு நிறத்தில், மயிரிழையளவு ஒரு கோடு இறங்கியிருக்கிறது. மூன்று மாதம் இழுத்தும் எனக்கு ஒருமுறைகூட அப்படி வரவில்லை. என் மனைவி இன்னும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போவாள். அதுவரை மழை வராமல் இருக்க வேண்டும், சிமிழைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.