வலது சினைப்பை, இடது சினைப்பை

2024 ஆவணியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பள்ளிக்கூட வராந்தாவில் வழுக்கி விழுந்தேன். கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நின்ற இடத்தில் விழுந்ததற்கு, அதுவும் ஐம்பத்திரண்டு வயதில், இப்படி முறியக் கூடாதே என்றார் எலும்பு மருத்துவர். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்: "மாதவிலக்கு எப்போதம்மா நின்றது?"

"முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சார்."

"சினைப்பை இருக்கிறதா?"

எனக்குத் தெரியவில்லை. பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன, ஒரு நாளும் அந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பீரோவின் மேல்தட்டிலிருந்து பழைய கோப்பை எடுத்துக் கொடுத்தார். ஸ்கேன் படங்கள், மருந்துக்கடை ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒற்றைத் தாள். அறுவை சிகிச்சையில் எடுத்ததைப் பரிசோதனைக்கூடத்தில் வெட்டிப் பார்த்து எழுதிய அறிக்கை. கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள், பெரியது 5 செ.மீ. அதற்குக் கீழே வலது சினைப்பை, 3 x 2 x 1.5 செ.மீ. இடது சினைப்பை, அதைவிடச் சற்றுச் சிறியது. இரண்டுக்கும் நேராக ஒரே குறிப்பு: இயல்பாக உள்ளது.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. நோயில்லாத இரண்டு உறுப்புகள். எடுக்கப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்த பிறகும் சொல்லவில்லை. நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். பெரும்பாட்டில், மாதவிலக்கின்போது ரத்தம் அளவுக்கு மீறிப் போனதில், ரத்த அளவு 7-க்கு இறங்கி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிய நேரம் அது. எதைப் படித்திருப்பேன்?

கர்ப்பப்பை போனால் மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பிறக்காது. சினைப்பை செய்யும் வேலை வேறு. எலும்பையும் ரத்தக்குழாய்களையும் காக்கிற ஈஸ்ட்ரோஜன் அங்கேதான் சுரக்கிறது. இயல்பாக மாதவிலக்கு நிற்கும்போது அது சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஓரிரு நாளிலேயே வற்றிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்தில் நடு இரவில் தலையணை நனையும் அளவு வியர்த்ததற்கும், இதயம் படபடத்ததற்கும், காரணமில்லாமல் அழுததற்கும் இப்போதுதான் விளக்கம் கிடைத்தது. அப்போது எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள். அம்மா தினமும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்.

எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகெலும்புக்கு மைனஸ் 2.7 வந்தது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்தவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது வழக்கமாம். எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

புற்றுநோய் வராமலிருக்க எடுப்பதாகச் சொல்வார்கள். அந்தப் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் மரபணுக் கோளாறு பரம்பரையாக உள்ளவர்களுக்கு அது உயிர் காக்கும் முடிவு, மறுக்க மாட்டேன். மற்றவர்கள் கணக்கு வேறு. அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வில், கர்ப்பப்பை நீக்கிய 29,000-க்கும் மேற்பட்டவர்களின் 24 ஆண்டு விவரங்களை 2009-ல் வெளியிட்டார்கள். சினைப்பைகளையும் எடுத்தவர்களிடம் சினைப்பை, மார்பகப் புற்றுநோய்கள் குறைவு. இதய நோயும் மொத்த இறப்பும் அதிகம்.

சினைப்பையை விட்டுவைத்தாலும் கவனம் வேண்டும். அதற்கு ரத்தம் இரண்டு வழியாகப் போகிறது. ஒரு குழாய் பெருந்தமனியிலிருந்து நேரே வருகிறது. இன்னொன்று கர்ப்பப்பைத் தமனியின் கிளை, அறுவையில் அது அறுபடும். அதனாலோ என்னவோ, விட்டுவைத்த சினைப்பைகளும் சிலருக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடுகின்றன. மாதவிலக்கு ஏற்கெனவே நின்றுவிட்டதால் அது வெளியே தெரியாது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்த என் நாத்தனாருக்கு நாற்பத்துமூன்று வயதில் முகம் குப்பென்று சூடாகத் தொடங்கியது. சினைப்பைதான் இருக்கிறதே என்று இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டார். பிறகு ரத்தப் பரிசோதனை செய்து, இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறார்.

போன மாதம் என் தங்கைக்கும் அதே அறுவை சிகிச்சை. அவளுக்கு நாற்பத்தொரு வயது. கட்டி, நிற்காத ரத்தப்போக்கு, மாத்திரைகளுக்கும் கட்டுப்படவில்லை. அறுவைக்கு முந்தைய நாள் நானும் கூடப் போனேன். "சினைப்பைகளை என்ன செய்வீர்கள், டாக்டர்?" என்று கேட்டேன். அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுக்கலாம், சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது என்றார். பிறகு ஒப்புதல் படிவத்தை எடுத்து, "இரண்டு சினைப்பைகளும் நலமாக இருந்தால் எடுக்கக் கூடாது" என்று தன் கையாலேயே தமிழில் எழுதி, கீழே கையெழுத்திட்டு, பேனாவைத் தங்கையிடம் நீட்டினார். அவள் அந்த வரியை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.