சென்சிட்டிவ் டாபிக்ல டிசர்டேஷன் பண்ணப் போறீங்களா? எத்திக்ஸ் பத்தி கொஞ்சம்

எம்.எஸ்சி சைக்காலஜி ஜூனியர்ஸ் நிறைய பேர் கேக்குறீங்க, சென்சிட்டிவ் டாபிக் எடுக்கலாமா, இல்ல காலேஜ் பிள்ளைகளுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி செல்ஃப் எஸ்டீம்னு எதையாச்சும் முடிச்சிரலாமான்னு. தாராளமா எடுங்க. ஆனா கன்சென்ட் ஃபார்ம்ல (சம்மதப் படிவம்) கையெழுத்து வாங்கிட்டா எத்திக்ஸ் முடிஞ்சதுன்னு மட்டும் இருந்துராதீங்க, இந்த மாதிரி ஆராய்ச்சில அடி விழுறது பெரும்பாலும் கையெழுத்தே போடாத ஆளுங்களுக்குத்தான், அதாவது கலந்துக்கிட்டவங்களோட குடும்பம், ஊர், சாதிக்காரங்களுக்கு.

பரீட்சைக்குன்னா, சென்சிட்டிவ் ஆராய்ச்சில எத்திக்ஸ் சிக்கல் வர்ற இடங்கள்னு சீபர், ஸ்டான்லிங்குற ரெண்டு ஆய்வாளர்கள் 1988ல சொன்ன நாலையும் எழுதிருங்க: கேள்விய எப்படி வைக்கிறோம், கலந்துக்கிறவங்கள எப்படி நடத்துறோம், எந்த நிறுவனத்துக்குள்ள இருந்து பண்றோம், முடிவ யாரு எதுக்கு எடுத்துக்குவாங்க. டாபிக்க தொடாம ஒதுங்கிப் போறதும் பொறுப்ப தட்டிக்கழிக்கிறதுதான்னு அவங்க சொன்னதையும் சேத்துக்கோங்க, அத முக்காவாசிப் பேர் விட்டுர்றாங்க. உதாரணத்துக்கு எல்லாரும் சிரில் பர்ட்ட (புத்திசாலித்தனம் பெரும்பாலும் பரம்பரையா வருதுன்னு சொன்ன பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட்) எழுதுவாங்க, மார்க் வரும், அவ்வளவுதான். ஃபீல்டுல என்ன ஆகும்னு என் அனுபவத்துல இருந்து சொல்றேன்.

என் டாபிக் மதுரை மாவட்டம் உசிலம்பட்டி தாலுகால ரெண்டாவதும் பொண்ணாப் பொறந்த வீட்டு அம்மாக்களோட மன அழுத்தம் (தாலுகாவ சொல்றேன், ஊர சொல்ல மாட்டேன்). 1980கள்ல பெண் சிசுக்கொலைன்னு பத்திரிகைல வந்ததுல இருந்து அந்தப் பேரச் சொன்னாலே வெளியூர்க்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க, அதனால தலைப்புலயே பொண்ணு மேல 'வெறுப்பு'ன்னு போட்டா போறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதிட்டுப் போற மாதிரி ஆயிரும்னு எங்க கைடு மேடம் அந்த வார்த்தைய அடிச்சிட்டாங்க.

அங்க போனா கன்சென்ட் ஃபார்ம்லயே சிக்கல். ஒரு அப்பத்தா, எம்பது வயசு இருக்கும், பேச்சு நல்லா குடுத்தாங்க, ஸ்டாம்ப் பேடை எடுத்ததும் முகம் மாறிருச்சு. "ரேகை எதுக்குத்தா? எங்கய்யா ரேகை வச்சிட்டு ராத்திரியெல்லாம் டேசன்ல போயி படுத்தாரு." சில சாதிகள பொறப்புலயே குற்றவாளின்னு முத்திர குத்தி, ரேகைய பதிஞ்சு போலீஸ் கண்காணிப்புல வச்ச பிரிட்டிஷ் காலத்து குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தப் பக்கம் ரேகைச் சட்டமாத்தான் ஞாபகம் இருக்கு, ரேகை வைக்க மறுத்ததுக்குத்தான் 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர்ல போலீஸ் சுட்டு 16 பேர் செத்தாங்க. அந்த மண்ணுல போயி கட்டைவிரல நீட்டுங்கன்னா எப்படி இருக்கும்? ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டில இதுக்கு வழி இருக்கு, எத்திக்ஸ் கமிட்டிகிட்ட முன்கூட்டியே காரணம் சொல்லி அனுமதி வாங்கிட்டா சம்பந்தமில்லாத ஒரு சாட்சிய வச்சு வாய்மொழியா சம்மதம் வாங்கலாம். புரொபோசல்லயே போட்டு வைங்க, நடுவுல கேட்டா இழுத்தடிப்பாங்க.

அடுத்தது தனிமை. வீட்டுல உக்காந்தா மாமியார் வாசப்படிய விட்டு நகரமாட்டாங்க, மருமக "நல்லாத்தேன் இருக்கேன்"னு முடிச்சிருவா, அந்த டேட்டாவ வச்சு என்ன பண்ண? அங்கன்வாடி ஸ்டோர் ரூம்தான் எனக்கு கை குடுத்துச்சு. சத்து மாவு வாங்க வந்த சாக்குல பேசிட்டு போயிருவாங்க.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் வாக்கு குடுத்துராதீங்க ப்ளீஸ். பதினெட்டு வயசு நிரம்பாத பிள்ளைக்கு பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சா போக்சோ (குழந்தைகள பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்குற சட்டம்) 19வது பிரிவுல நீங்க புகார் குடுத்தே ஆகணும், பதினேழு வயசுல கல்யாணம் ஆகி கர்ப்பமா இருக்க பொண்ணும் அதுல வரும். இத பேட்டிக்கு முன்னாடியே சொல்லிரணும், சொன்னா பாதிப் பேர் பேச மாட்டாங்கன்னு பயம் வரும், வரட்டும். டெலி மானஸ்ங்குற அரசு மனநல ஹெல்ப்லைனோட 14416 நம்பர துண்டுச்சீட்டுல எழுதி நீட்டாதீங்க, புருஷன் கைல கெடச்சா தேவையில்லாத ரகள. போன்ல வேற ஏதாச்சும் பேர்ல சேவ் பண்ணிக் குடுங்க, அதுவும் அவங்க கேட்டா மட்டும்.

ரிப்போர்ட் எழுதுறப்போ பேர மாத்துனா போதும்னு நெனைக்காதீங்க, சின்ன ஊர்ல 'டெய்லர், 26 வயசு, மூணு பொண்ணு'ன்னு போட்டா டீக்கடைல உக்காந்துருக்கவங்களே ஆள சொல்லிருவாங்க. வயச 25-29ன்னு அஞ்சஞ்சு வருஷமா சேத்துப் போடுங்க, தொழில தேவையில்லன்னா எடுத்துருங்க.

வைவால (வாய்மொழித் தேர்வு) வெளியில இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் புள்ளிவிவரத்த பெருசா நோண்டல, "இத ஒரு பத்திரிகைக்காரர் படிச்சா என்ன தலைப்பு போடுவாரு?"ன்னுதான் கேட்டாரு. அதுக்குத்தான் 'இந்த சில அம்மாக்கள் சொன்னது, தாலுகாவுக்கோ சாதிக்கோ பொருந்தாது'ங்குற வரிய கடைசில வர்ற லிமிடேஷன்ஸ்ல புதைக்காம முன்னாடி வர்ற சுருக்கத்துல, அப்ஸ்ட்ராக்ட்லயே போட்டுருந்தேன், நீங்களும் அங்கயே போடுங்க, கடைசி பக்கம் வரைக்கும் ஒருத்தரும் புரட்ட மாட்டாங்க.