சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில ஒரு வேர்ல்டு கப் ஃபைனல்

2023 தீபாவளிக்கு மலேசியா போயிருந்தேன். கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு வாரம் சுத்திட்டு, பேராக் மாநிலத்துல இருக்கற சித்தப்பா வீட்டுக்குப் போகணும்னு ஈடிஎஸ் ரயில் பிடிச்சேன், மூணு மணி நேரத்துக்குள்ள சுங்கை சிப்புட்ல இறக்கி விட்டுட்டான். தாத்தாவோட தம்பி அந்தக் காலத்துல கப்பல் ஏறிப் போய் அங்கயே தங்கிட்டாரு, அவரோட மகன்தான் இந்தச் சித்தப்பா. நான் போன நாள் நவம்பர் 19, ஞாயித்துக்கிழமை. அகமதாபாத்ல கிரிக்கெட் வேர்ல்டு கப், இந்தியா ஆஸ்திரேலியா ஃபைனல். இதைக் கணக்குப் போட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன்னு சித்தப்பாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

வழி நெடுக செம்பனைதான், பாமாயில் எடுக்கற மரம். ஒரு காலத்துல எல்லாமே கித்தாக்காடு, அதாவது ரப்பர் தோட்டம், சித்தப்பாவும் பத்து வருஷம் பால் எடுக்க மரம் சீவினவரு, அப்புறம் லாரி ஓட்டப் போயிட்டாரு. (பக்கத்து ஊரு கோலா கங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரம் ஒண்ணு இன்னும் நிக்குது, மறுநாள் காலைல போய்ப் பார்த்தேன், சுத்தி வேலி போட்டு வச்சிருக்காங்க. இத்தனை பேரைக் கப்பல் ஏத்தின மரமானு கொஞ்ச நேரம் பார்த்துட்டே நின்னேன்.)

இந்தியாவுல ரெண்டு மணின்னா அங்க நாலரை. நாலு மணிக்கே சித்தப்பா மோட்டார்ல என்னைப் பின்னாடி உக்கார வச்சு தோட்டத்து முனையில இருக்கற ஒட்டுக்கடைக்கு (ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை) கூட்டிட்டுப் போயிட்டாரு. தகரக் கூரை, நாலு மேசை, செவுத்துல ஒரு டிவி, கூரை ஓரத்துல ஒரு டிஷ். கூட்டம் அலைமோதும்னு நெனச்சேன், மொத்தமே பன்னெண்டு பேரு. இங்க பந்துன்னா ஃபுட்பால் தான் தம்பி, கிரிக்கெட்டு எங்க வயசு ஆளுங்களுக்கும் வங்காளதேசத்துக்காரனுங்களுக்கும்தான்னாரு சித்தப்பா. உண்மைதான், இளவட்டம் ரெண்டு பேரு வந்து பார்சல் வாங்கிட்டு ஸ்கோர் கூடக் கேக்காம போயிட்டானுங்க.

ரோஹித் அடிக்க ஆரம்பிச்சதும் கடை கொஞ்சம் சூடாச்சு. 31 பால்ல 47. அப்புறம் மேக்ஸ்வெல் பந்தைத் தூக்கி அடிச்சாரு, ட்ராவிஸ் ஹெட் பின்னாடியே ஓடிப்போய் விழுந்து பிடிச்சான். அதோட அடி நின்னுபோச்சு. 10 ஓவர்ல 80 வந்த டீமு, நடுவுல 97 பால் ஒரு பவுண்டரி கூட இல்லாம தட்டிட்டு இருந்துச்சு. என்னைக் கேட்டா மேட்ச் தோத்தது அங்கதான், ராத்திரி ஹெட் அடிச்ச அடிக்கு முன்னாடியே. மூணு தே தாரிக் (அந்த ஊரு ஆத்தின பால் டீ) குடிச்சு முடிச்சேன், ஒரு ஃபோர் வரல.

ஆறு ஆறரைக்கு பேராக் மழை வந்துச்சு பாருங்க, நம்ம ஊர் மழை மாதிரி நோட்டீஸ் குடுத்துட்டு எல்லாம் வராது, மொத்தமா கொட்டும். தகரத்துல விழுற சத்தத்துல கமெண்ட்ரி கேக்கல. கோலி ஃபிஃப்டி அடிச்சு நின்னுட்டு இருந்தாரு, கம்மின்ஸ் ஓடி வர்றான், டப்புன்னு டிவில சிக்னல் இல்லைன்னு வந்துருச்சு. கடைக்காரர் மகன் நனைஞ்சுகிட்டே போய் டிஷ்ஷத் தட்டினான், படம் வந்தப்போ கோலி பேட்டைக் கக்கத்துல வச்சுகிட்டு நடந்து போயிட்டு இருக்காரு. ஆடி முடிச்ச நம்ம ஆளும் ஆடுகளமும் மட்டும்தான் திரையில, ஸ்டேடியத்துல சத்தமே இல்ல. இங்கயும் மழை மட்டும்தான்.

"மழைன்னாலே நமக்கு ஆகாது" அப்படின்னாரு சித்தப்பா. அப்பதான் அந்தக் கதை வந்துச்சு.

2006 செப்டம்பர்ல இந்தியா, ஆஸ்திரேலியா, வெஸ்ட் இண்டீஸ் மூணு டீமும் ஒன்டே தொடருக்கு கேஎல் வந்திருக்காங்க, கின்ராரா ஓவல்ல. சித்தப்பா லீவு போட்டுட்டு பஸ் ஏறிப் போயிருக்காரு. தோள்பட்டை ஆபரேஷனுக்கு அப்புறம் சச்சின் திரும்பி வந்த மேட்ச், செப்டம்பர் 14, நாட் அவுட் 141, ஒன்டேல அவரோட 40வது செஞ்சுரி. இந்தியா 309. "கண்ணால பார்த்தேன்டா தம்பி, இந்தா இந்தத் தூரம்" அப்படின்னு மேசையையும் அடுப்பையும் காட்டினாரு. வெஸ்ட் இண்டீஸ் சரியா 20 ஓவர் ஆடி 2 விக்கெட்டுக்கு 141 எடுத்திருக்கு, மழை வந்துருச்சு. ரிசல்ட் வரணும்னா அந்த 20 ஓவர் முடிஞ்சிருக்கணும், முடிஞ்சிருச்சு. மழை மேட்ச்சுக்குப் போடற டக்வொர்த் லூயிஸ் கணக்குல நமக்கு 29 ரன்ல தோல்வி. சச்சின் ஒத்த ஆளா அடிச்சதும் 141, அவனுங்க மொத்த டீமும் அடிச்சது 141. நனைஞ்ச சட்டையோட பஸ்ல ராத்திரி பூரா அதையே நெனச்சுட்டு வந்தாராம். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்திரேலியாவோட நமக்கு 35க்கு 5 போயிருந்தப்போ மழை வந்து காப்பாத்துச்சே சித்தப்பான்னு சொன்னேன், அதுக்கு நான் போகலியேன்னுட்டாரு.

பக்கத்து மேசையில தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டுற வங்காளதேசத்துப் பையன் ஒருத்தன், மலாயும் தமிழும் கலந்து பேசறான். எங்களுக்கு மழை நல்லதுதான் பண்ணுச்சு அங்கிள்னான். 1997 ஐசிசி ட்ராஃபி ஃபைனல், அதுவும் கேஎல்ல, கிலாட் கிளப்புல. கென்யா 241 அடிச்சிருக்கு, அன்னிக்கு மழை, மறுநாள் 25 ஓவர்ல 166 டார்கெட். கடைசிப் பால்ல ஒரு ரன், கால்ல பட்டு ஓடி ஜெயிச்சிருக்காங்க. அவன் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, அவங்க அப்பா சொல்லிச் சொல்லி மனப்பாடம். இன்னிக்கு யாருக்கு சப்போர்ட்டுன்னு கேட்டேன், சிரிச்சுட்டு டீயைக் கலக்க ஆரம்பிச்சுட்டான்.

240க்கு ஆல் அவுட். பவுலிங்ல 47க்கு 3 எடுத்தப்போ சித்தப்பா எழுந்து நின்னு கைதட்டினாரு, அப்புறம் ஹெட்டும் லபுஷேனும் உக்காந்துட்டானுங்க. மழையும் எப்பவோ விட்டுருச்சு. பத்து மணிக்கு மேல சித்தப்பா ஸ்கோரைப் பாக்கறதை விட்டுட்டாரு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வெளிய போய் வானத்தைப் பாத்துட்டு வர்றாரு. சித்தப்பா, மேட்ச் அகமதாபாத்ல நடக்குதுன்னேன். தெரியும்டான்னு சொல்லிட்டு மறுபடி போனாரு. நட்சத்திரம் எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு.

ஹெட் 137ல அவுட்டானப்போ இன்னும் 2 ரன்தான் வேணும். மேக்ஸ்வெல் வந்து முதல் பால்லயே முடிச்சுட்டான், 7 ஓவர் மிச்சம். பன்னெண்டு மணி ஆகப் போகுது. கடைக்காரர் சித்தப்பாகிட்ட காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, அந்த வங்காளதேசத்துப் பையன் மட்டும் எண்ணி மூணு வெள்ளி (ரிங்கிட்) வச்சுட்டு, காலைல பெரட்டு, அதான் தோட்டத்துல ஆள் கணக்கெடுப்பு, இருக்குன்னு கிளம்பிட்டான்.

ரெண்டு நாள் கழிச்சு ஏர்போர்ட் போற வழியில சித்தப்பாகிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு வீடியோ. அதே தகரக் கூரை, அதே டிஷ், தண்ணி அருவி மாதிரி ஊத்துது. கீழ ஒரே வரி: "இப்பப் பெய்யுது பாரு."